சாணத்தில் வளரும் காளான்கள்: பனேயோலசு சாதி

க.பொ.த. (சாதாரண தரம்) - விஞ்ஞானம்
அலகு: பங்கசுக்களும் சூழற்றொகுதியில் பிரிகையும்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் உங்களால்,
• சாணத்தில் வளரும் காளான் ஒன்றின் பகுதிகளையும் அவற்றின் தொழில்களையும் விவரிக்கவும்,
• அதன் வாழ்க்கை வட்டத்தைப் படிமுறையாக எழுதவும்,
• பிரிகையாக்கிகளின் முக்கியத்துவத்தை உதாரணத்துடன் விளக்கவும்,
• காட்டுக் காளான்களை உண்பதிலுள்ள ஆபத்தை எடுத்துக்கூறவும்
முடிதல் வேண்டும்.

1. அறிமுகம்

மாணவர்களே, மாரி மழை தொடங்கிச் சில கிழமைகள் சென்றபின் மாடுகள் மேயும் தரவைப் பக்கம் சென்று பாருங்கள். பழைய சாணக் கட்டிகளின் மேல் மெல்லிய நீண்ட காம்பும் மணி போன்ற சிறு குடையும் கொண்ட காளான்கள் முளைத்திருப்பதைக் காணலாம். மண்ணில் நூறு அடி தேடினாலும் கிடைக்காத அக்காளான் சாணத்தின் மேல் மட்டும் கூட்டமாக நிற்கும். இதற்குக் காரணம் என்ன? அதன் வித்தி சாணத்துக்குள் எப்படிச் சென்றது? கழிவு என்று நாம் ஒதுக்கும் பொருளில் அதற்கு என்ன உணவு கிடைக்கிறது?

இவ்வினாக்களுக்கு விடை காண, சாணத்தில் வளரும் காளான்களுள் நன்கு அறியப்பட்ட பனேயோலசு என்னும் சாதியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

2. பாகுபாட்டில் பனேயோலசின் இடம்

பேரிராச்சியம்: இயூக்கரியா
இராச்சியம்: பங்கை
கணம்: பசிடியோமைக்கோற்றா
வருணம்: அகரிக்காலேசு
சாதி: பனேயோலசு

காளான் நிலத்தில் நிலையாக நிற்பதால் அதைத் தாவரம் என்று எழுதும் மாணவர்கள் இன்றும் உள்ளனர். இது தவறு. பங்கசுக்களில் பச்சையம் இல்லை. எனவே அவை ஒளித்தொகுப்புச் செய்வதில்லை. அவற்றின் கலச்சுவர் கைற்றினால் ஆனது. தாவரக் கலச்சுவரோ பிரதானமாகச் செலுலோசினால் ஆனது. தாவரம் மாப்பொருளைச் சேமிக்கிறது. பங்கசு கிளைக்கோசனைச் சேமிக்கிறது.

பனேயோலசு என்ற பெயர், பலநிறம் கொண்டது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சு நாட்டு ஆய்வாளரான லூசியன் கெலே 1872 இல் இதனைத் தனிச் சாதியாக நிறுவினார். இச்சாதியின் பெரும்பாலான இனங்கள் சாணத்திலோ சாணம் கலந்த மண்ணிலோ வளர்வன. எனினும் பனேயோலசு போனிசெசீ போன்ற சில இனங்கள் சாணமில்லாத புற்றரைகளிலும் வளரும்.

3. இலங்கையிலிருந்து உலகறிந்த ஓர் இனம்

இச்சாதியில் ஓர் இனத்துக்கும் எமது நாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குப் பொறுப்பாக இருந்த துவைட்சு என்பவர், இலங்கையிற் சேகரித்த பங்கசு மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்த பேர்க்கிலி, புறூம் ஆகிய இருவரும் 1871 இல் ஒரு புதிய இனத்தை விவரித்து, அதற்கு அகரிக்கசு சயனெசென்சு எனப் பெயரிட்டனர். சயனெசென்சு என்றால் நீலநிறமாக மாறுவது என்று பொருள். பின்னர் 1887 இல் இத்தாலிய ஆய்வாளரான சக்காடோ அதைப் பனேயோலசு சாதிக்கு மாற்றினார். இன்று இவ்வினம் உலகின் வெப்பவலயப் பிரதேசங்கள் பலவற்றில் அறியப்பட்டுள்ளது.

இங்கே ஒன்றைக் கவனிக்க. அகரிக்கசு சயனெசென்சு, பனேயோலசு சயனெசென்சு ஆகிய இரண்டு பெயர்களிலும் முதற் சொல் மாறியிருக்கிறது. இரண்டாம் சொல் மாறவில்லை. இருசொற் பெயரீட்டில் முதற் சொல் சாதியையும் இரண்டாம் சொல் இனத்துக்குரிய அடைமொழியையும் குறிக்கும். ஆய்வு முன்னேறும்போது ஓர் இனம் வேறு சாதிக்கு மாற்றப்படலாம். விஞ்ஞானப் பெயர்கள் அறிவுடன் சேர்ந்து திருத்தப்படுவன என்பதற்கு இது நல்ல உதாரணம்.

4. அமைப்பு

நாம் காளான் என்று அழைப்பது பங்கசின் முழு உடல் அன்று. அது வித்திகளை உண்டாக்குவதற்காகச் சில நாட்களுக்கு மட்டும் வெளியே தோன்றும் கனியுடல். உண்மையான உடல் சாணத்தின் உள்ளே வெண்ணிற நூல்களாகப் பரந்திருக்கும். தனி நூல் பூசண இழை எனப்படும். பூசண இழைகள் யாவும் சேர்ந்தது பூசணவலை எனப்படும்.

கனியுடலின் பகுதிகள் வருமாறு:

(அ) குடை - மணி அல்லது அரைக்கோள வடிவானது. செவுள்களை மழையிலிருந்து காக்கும்.
(ஆ) காம்பு - மெல்லியது, நீண்டது. குடையைச் சாணத்தின் மேற்பரப்பிலிருந்து உயர்த்தி, வித்திகள் காற்றில் சேர உதவும்.
(இ) செவுள்கள் - குடையின் கீழ்ப்புறத்தில் தொங்கும் மெல்லிய தகடுகள். இவற்றின் மேற்பரப்பில் பசிடியங்கள் உள்ளன. ஒவ்வொரு பசிடியமும் பொதுவாக நான்கு வித்திகளை உண்டாக்கும்.
(ஈ) வித்திகள் - கருநிறமானவை, தடித்த சுவருடையவை. பல இனங்களில் ஏறத்தாழ 12 முதல் 20 மைக்கிரோமீற்றர் வரை நீளமானவை. வெறுங்கண்ணுக்குத் தனித்தனியே தெரியமாட்டா.

பனேயோலசின் செவுள்களில் கருமையும் சாம்பல் நிறமும் கலந்த திட்டுகள் காணப்படும். கனடாவின் வினிப்பெக் நகரில் பேராசிரியராக இருந்த புல்லர் இதனை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து, 1922 இல் வெளிவந்த தமது நூலில் விளக்கினார். செவுளின் எல்லாப் பகுதிகளிலும் வித்திகள் ஒரே நேரத்தில் முதிர்வதில்லை. முதிர்ந்த வித்திகள் உள்ள திட்டுக் கருமையாகவும், முதிராத திட்டு வெளிறியும் தோன்றும். சாதியின் பெயருக்குக் காரணமான பலநிறம் இதுவே.

சாணத்தில் வளரும் மைக் காளான்களிலிருந்து பனேயோலசை வேறுபடுத்தவும் செவுள் உதவும். மைக் காளான்கள் பலவற்றில் முதிர்ந்த செவுள்கள் கரைந்து கறுப்பு மை போலச் சொட்டும். பனேயோலசின் செவுள்கள் அவ்வாறு கரைவதில்லை.

5. போசணை முறை

ஆடு, மாடு ஆகியன உண்ணும் புல் முழுவதும் சமிபாடடைவதில்லை. செலுலோசின் ஒரு பகுதியும், இலிக்னினின் பெரும் பகுதியும், நைதரசன் அடங்கிய சேர்வைகளும், பொசுபரசு முதலிய கனியுப்புக்களும் சாணத்துடன் வெளியேறுகின்றன. புதிய மாட்டுச் சாணத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். ஆகவே ஈரமும் உணவும் ஒருங்கே உள்ள இடமாகச் சாணம் அமைகிறது.

பங்கசுக்கு வாய் இல்லை, இரைப்பை இல்லை. பூசண இழைகள் நொதியங்களைச் சாணத்தின் மேல் சுரக்கின்றன. அந்நொதியங்கள் செலுலோசு போன்ற பெரிய மூலக்கூறுகளைச் சிறிய கரையக்கூடிய மூலக்கூறுகளாக உடைக்கின்றன. பின்னர் இழைகள் அவற்றை அகத்துறிஞ்சுகின்றன. சமிபாடு கலத்துக்கு வெளியே நடைபெறுவதால் இது கலப்புறச் சமிபாடு எனப்படும். இறந்த சேதனப் பொருள்களிலிருந்து இவ்வாறு உணவு பெறும் அங்கிகள் அழுகல்வளரிகள் ஆகும்.

6. வாழ்க்கை வட்டம்

படி 1: முதிர்ந்த வித்தி பசிடியத்திலிருந்து ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தூரத்துக்கு எறியப்பட்டு, செவுள்களுக்கு இடையே கீழே விழுந்து காற்றிற் சேர்கிறது.

படி 2: காற்றினால் காவப்பட்ட வித்தி புல்லின் மேல் படிகிறது. மாடுகள் தம் சாணத்தை ஒட்டி வளரும் புல்லைப் பெரும்பாலும் மேய்வதில்லை. எனவே சாணத்துக்கு அருகில் விழும் வித்தியை விட, அப்பால் உள்ள புல்லைச் சேரும் வித்திக்கே வாய்ப்பு அதிகம்.

படி 3: மேயும் விலங்கு புல்லுடன் வித்தியையும் விழுங்குகிறது. தடித்த சுவர் இருப்பதால் வித்தி சமிபாட்டுச் சாறுகளினால் அழிவதில்லை. சாணத்தில் வளரும் பங்கசுக்கள் பலவற்றில், விலங்கின் உடல் வெப்பமும் சமிபாட்டுச் சாறுகளும் வித்தியின் முளைத்தலைத் தூண்டுகின்றன.

படி 4: வித்தி சாணத்துடன் வெளியேறி முளைத்துப் பூசணவலையைத் தோற்றுவிக்கிறது. இவ்வலையின் கலங்களில் ஒருமடியக் கருக்கள் உள்ளன.

படி 5: பொருத்தமான இரு பூசணவலைகள் சந்தித்து இணைகின்றன. இப்போது ஒவ்வொரு கலத்திலும் இரண்டு கருக்கள் இருக்கும்.

படி 6: உணவும் ஈரமும் போதியளவு உள்ளபோது கனியுடல் உருவாகிறது. பசிடியத்தினுள் இரு கருக்களும் ஒன்றாகி, உடனே ஒடுக்கற்பிரிவு நடைபெற்று, நான்கு ஒருமடிய வித்திகள் தோன்றுகின்றன.

புல், விலங்கு, சாணம், மீண்டும் புல் என்பதே வித்தியின் பாதை. அறிமுகத்திற் கேட்ட வினாவுக்கு இதோ விடை: வித்தி பெரும்பாலும் வெளியிலிருந்து சாணத்துக்கு வந்ததன்று, சாணம் வெளியேறும்போதே அதனுள் இருந்தது.

7. செயற்பாடு: சாணத்தில் பங்கசுக்களின் வருகையை அவதானித்தல்

தேவையான பொருள்கள்: புதிய மாட்டுச் சாணம், அகன்ற வாயுள்ள இரு கண்ணாடிப் போத்தல்கள், வடிதாள், நீர், கையுறை.

முறை: போத்தல்களின் அடியில் ஈரமான வடிதாளை இடுக. ஒன்றில் (போத்தல் 1) சாணத்தை அப்படியே இடுக. மற்றதில் (போத்தல் 2), ஆய்வுகூடத் தேவைக்கு மட்டும் பயன்படும் பிரஷர் குக்கரில் ஆசிரியர் நன்கு வெப்பமேற்றிக் கிருமியழித்த சாணத்தை, ஆறிய பின் இடுக. இரண்டையும் தளர்வாக மூடி, நேரடி வெயில் படாத வெளிச்சமான இடத்தில் நான்கு கிழமை வைத்து நாள்தோறும் அவதானிக்க. ஈரம் குறைந்தால் கொதித்தாறிய நீரைத் தெளிக்க. கையுறை அணிக, வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுக.

போத்தல் 1 இல் எதிர்பார்க்கக்கூடிய அவதானங்கள்:
முதலாம் கிழமை - மியூக்கர், பைலோபோலசு போன்ற நூல் வடிவப் பங்கசுக்கள். பைலோபோலசு ஒளியை நோக்கித் திரும்பித் தன் கரிய வித்திப்பையை 2 மீற்றர் வரை எறியக்கூடியது.
இரண்டாம் கிழமை - சிறிய கிண்ணம் அல்லது தட்டு வடிவப் பங்கசுக்கள்.
மூன்றாம் கிழமையும் பின்னரும் - குடை வடிவக் காளான்கள். மைக் காளான், பனேயோலசு போன்றவை.

முதலில் வருவன எளிய வெல்லங்களை விரைவாகப் பயன்படுத்துவன. பின்னர் வருவன செலுலோசு, இலிக்னின் போன்ற கடினமான பொருள்களையும் உடைக்கக்கூடியன. அத்துடன், பெரிய கனியுடலை உருவாக்கப் பூசணவலை நீண்ட காலம் வளரவேண்டும் என்பதும் காளான்கள் பிந்தித் தோன்றுவதற்குக் காரணமாகும்.

போத்தல் 2 இல் இப்பங்கசுக்கள் தோன்றாவிடின் என்ன முடிவுக்கு வரலாம்? வித்திகள் சாணத்தினுள்ளேயே இருந்தன என்ற கருதுகோள் ஏற்கத்தக்கது. போத்தல் 2 இல்லாமல் இம்முடிவை எடுக்க முடியாது. காற்றிலிருந்து வித்திகள் வந்திருக்கலாம் என்று ஒருவர் கூறினால் எம்மிடம் மறுமொழி இராது. கட்டுப்பாட்டுப் பரிசோதனை ஏன் தேவை என்பதற்கு இதனை எழுதலாம்.

8. சூழற்றொகுதியில் முக்கியத்துவம்

பங்கசுக்களும் பற்றீரியாக்களும் சாணத்தைப் பிரிகையடையச் செய்யும்போது, அதிலுள்ள காபனின் ஒரு பகுதி சுவாசத்தின் மூலம் காபனீரொட்சைட்டாக வளிமண்டலத்தை அடைகிறது. நைதரசன் சேர்வைகளிலிருந்து அமோனியம் சேர்வைகள் உண்டாகின்றன. மண்ணிலுள்ள நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக்கள் அவற்றை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. தாவர வேர்கள் அதை அகத்துறிஞ்சுகின்றன. வயலுக்கு எரு இடும் விவசாயி உண்மையில் நம்பியிருப்பது கண்ணுக்குத் தெரியாத இவ்வங்கிகளின் வேலையையே.

பிரிகை தடைப்பட்டால் என்ன நேரும்? அவுத்திரேலியா இதற்கு உதாரணம். 1788 இல் ஐரோப்பியக் குடியேறிகளுடன் மாடுகள் அங்கு முதன்முதலாக வந்தன. கங்காரு போன்ற விலங்குகளின் சிறிய உலர்ந்த எச்சத்துக்குப் பழகிய உள்ளூர்ச் சாணவண்டுகளுள் பெரும்பாலானவை மாட்டுச் சாணத்தை நாடவில்லை. உடைக்கப்படாமலும் புதைக்கப்படாமலும் வெயிலில் காய்ந்த சாணக் கட்டிகள் மேய்ச்சல் நிலத்தில் நெடுங்காலம் கிடந்தன. அவற்றின் கீழே புல் வளரவில்லை. புதிய சாணத்தில் ஈக்கள் பெருகின. ஜோர்ஜ் போர்னமிசா என்னும் பூச்சியியலாளரின் முயற்சியால் 1965 முதல் 1985 வரை ஆபிரிக்கா, ஐரோப்பா முதலிய இடங்களிலிருந்து சாணவண்டுகள் கொண்டுவரப்பட்டு விடுவிக்கப்பட்டன.

இங்கு பங்கசுக்கள் இருந்தும் ஏன் பயன் குறைந்தது? காய்ந்த சாணத்தில் பூசண இழைகள் வளரமாட்டா. நொதியங்கள் தொழிற்பட நீர் தேவை. வண்டுகள் சாணத்தை உடைத்து ஈரமான மண்ணுள் சேர்க்கும்போதுதான் நுண்ணங்கிகளின் வேலை விரைவாகும். பிரிகை என்பது ஓர் அங்கியின் தனி வேலையன்று. பல அங்கிகளின் கூட்டு வேலை.

கவனிக்க: மீள்சுழற்சி அடைவது பதார்த்தம்; சக்தி அன்று. சாணத்திலுள்ள இரசாயனச் சக்தியைப் பங்கசு தன் வாழ்க்கைக்குப் பயன்படுத்துகிறது; அது இறுதியில் வெப்பமாகச் சூழலுக்கு இழக்கப்படுகிறது. "பிரிகையாக்கிகள் சக்தியைத் தாவரங்களுக்கு மீண்டும் வழங்குகின்றன" என்று எழுதினால் விடை பிழையாகும்.

9. எச்சரிக்கை: காட்டுக் காளானை உண்ணாதீர்கள்

மழைக்காலத்தில் காளான் பிடுங்கிச் சமைக்கும் வழக்கம் எமது கிராமங்களில் உண்டு. இப்பகுதியைப் பரீட்சைக்காக மட்டுமன்றி வீட்டாருக்குச் சொல்வதற்காகவும் படியுங்கள்.

பனேயோலசு சயனெசென்சு உட்படச் சில இனங்களில் சைலோசைபின் என்னும் பொருள் உண்டு. இப்பொருளை 1958 இல் சுவிற்சர்லாந்து இரசாயனவியலாளர் ஹொப்மன் வேறொரு காளான் சாதியிலிருந்து பிரித்தெடுத்தார். இது மூளையைத் தாக்கி, இல்லாததைக் காண்பது, கடும் பயம், குழப்பம், வாந்தி ஆகியவற்றை உண்டாக்கும். 1971 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உளத்தூண்டற் பொருள்கள் உடன்படிக்கையில் இது மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்படும் பொருள்களின் பட்டியலில் உள்ளது.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. சிறிய கபில நிறக் காளான்கள் பல ஒன்றையொன்று ஒத்தவை. அவற்றுட் சிலவற்றில் ஈரலை அழிக்கும் நஞ்சு உண்டு. அந்நஞ்சின் அறிகுறிகள் உண்டு ஆறு மணித்தியாலம் அல்லது அதற்கும் பின்னரே தோன்றும். அதற்குள் நஞ்சு உடலில் பரவிவிடும்.

பின்வரும் நம்பிக்கைகள் யாவும் தவறானவை:
• வெள்ளிக் கரண்டி கறுத்தால் மட்டுமே அது நச்சுக் காளான்.
• உள்ளியுடன் சமைத்தால் நஞ்சு முறியும்.
• புழு, பூச்சி உண்டது மனிதருக்கும் பாதுகாப்பானது.
• நன்கு வேகவைத்தால் எந்த நஞ்சும் அழியும்.

உண்பதற்குப் பயிரிடப்பட்ட சிப்பிக் காளான், வைக்கோற் காளான் போன்றவற்றையே வாங்குங்கள். எவரேனும் காட்டுக் காளானை உண்டு சுகவீனமுற்றால், அறிகுறி குறையும் வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. மிஞ்சிய காளானையும் எடுத்துச் செல்க. இனத்தை அறிய அது உதவும்.

10. மாதிரி வினாக்கள்

பல்தேர்வு வினாக்கள்

1. பங்கசின் கலச்சுவரின் பிரதான கூறு,
(1) செலுலோசு (2) கைற்றின் (3) இலிக்னின் (4) மாப்பொருள்

2. சாணத்தில் வளரும் காளான் பற்றிய பிழையான கூற்று எது?
(1) அது அழுகல்வளரி (2) அதன் சமிபாடு கலப்புறமானது (3) அது சக்தியைத் தாவரங்களுக்கு மீள வழங்குகிறது (4) அது வித்திகளால் பரம்புகிறது

3. பனேயோலசின் செவுளில் திட்டுகள் தோன்றுவதற்குக் காரணம்,
(1) வித்திகள் வெவ்வேறு நேரங்களில் முதிர்தல் (2) பச்சையம் இருத்தல் (3) பூச்சிகள் தாக்குதல் (4) செவுள்கள் கரைதல்

அமைப்புக் கட்டுரை வினா

மாணவி ஒருத்தி மாட்டுச் சாணத்தை ஈரமான போத்தலில் வைத்து அவதானித்தபோது, மூன்று கிழமைகளின் பின் காளான்கள் தோன்றின.
(i) சாணத்தினுள் பரந்திருக்கும் பங்கசின் உடற்பகுதியைப் பெயரிடுக.
(ii) காளான் வித்தி சாணத்தை அடைந்த வழியைக் குறிப்பிடுக.
(iii) வித்தியின் தடித்த சுவரினால் கிடைக்கும் அனுகூலம் யாது?
(iv) இப்பரிசோதனைக்குப் பொருத்தமான கட்டுப்பாட்டைக் கூறுக.
(v) வயலில் இட்ட எருவின் நைதரசன் தாவரத்தை அடையும் வழியை விளக்குக.
(vi) காய்ந்த சாணத்தில் பிரிகை மெதுவாக நடைபெறுவதற்குக் காரணம் தருக.

விடைகள்

பல்தேர்வு: 1 - (2), 2 - (3), 3 - (1)

அமைப்புக் கட்டுரை:
(i) பூசணவலை.
(ii) புல்லின் மேல் படிந்த வித்தியை மாடு புல்லுடன் உண்டது. வித்தி சமிபாட்டுத் தொகுதியினூடாகச் சென்று சாணத்துடன் வெளியேறியது.
(iii) சமிபாட்டுச் சாறுகளினால் அழியாமல் பாதுகாக்கப்படல்.
(iv) அதே அளவு சாணத்தைக் கிருமியழித்து, ஏனைய நிபந்தனைகளை மாற்றாமல் வைத்தல்.
(v) பிரிகையாக்கிகள் எருவிலுள்ள நைதரசன் சேர்வைகளை அமோனியம் சேர்வைகளாக மாற்றும். நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக்கள் அவற்றை நைத்திரேற்றாக்கும். வேர் அதை அகத்துறிஞ்சும்.
(vi) பூசண இழைகளின் வளர்ச்சிக்கும் நொதியங்களின் தொழிற்பாட்டுக்கும் நீர் போதாமை.

நினைவில் கொள்க: காளானாக வெளியே தெரிவது சில நாள் வாழும் கனியுடல். சாணத்தை மண்ணுக்கு உரமாக்கும் வேலை, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரந்திருக்கும் பூசணவலையினால் நடைபெறுகிறது.